குடும்ப ஜெபமும் அடைக்கும் தொண்டையும்

அன்புள்ள அக்கா,

நான் கோட்டாற்றில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டது அதே நாகர்கோவிலில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) வீட்டில். பஸ்ஸில் பத்து நிமிஷம்தான். ஆனால் இங்கே தினமும் ராத்திரி குடும்ப ஜெபம். பாட்டும் வேத வாசிப்பும் முடிந்ததும் மாமி, "இன்னைக்கு நீ ஜெபம் பண்ணும்மா" என்பார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிடும். செபமாலை சொல்லி வளர்ந்த எனக்கு, சொந்தமாக வார்த்தை சேர்த்து, அதுவும் சத்தமாக, ஜெபிக்க வரவில்லை. இரண்டு வருஷமாகத் தலைவலி, தூக்கம் என்று நழுவுகிறேன். செபமாலைகூட பீரோவில் துணிக்கு அடியில்தான் இருக்கிறது. எனக்கு விசுவாசம் குறைவோ?

உங்கள் வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் மாமி வீட்டாருக்கு வாய் சரளமாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து உங்கள் பக்கத்துச் சபைகள் லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் மிஷனின் வழி. புத்தகம் பார்க்காமல் மனதில் வருவதைச் சொல்லி ஜெபிப்பது அவர்கள் வழக்கம். திருநெல்வேலியில் இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த ஆங்கிலிக்கன் சபைகளோ பொது ஜெபப் புத்தகத்தை வைத்து ஜெபித்தவை. 1947இல் இரண்டும் ஒரே தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தன. உங்கள் வீட்டார் தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்ததை நீங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் கற்கிறீர்கள். இரண்டு வருஷம் எம்மாத்திரம்?

இதில் மொழிச் சிக்கல் வேறு. நீங்கள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கினால் அவர்கள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்பார்கள். ஸ்தோத்திரம், கிருபை, தேவரீர் எல்லாம் பழைய வேதாகமத் தமிழ். அந்தத் தமிழில் வீட்டில் யாரும் காப்பி கேட்பதில்லை. சின்ன வயதில் ஒரு வீட்டுக் கூட்டத்தில் நான், "நீர் இந்தப் பிள்ளையைத் தொட்டு, நீங்க சுகமாக்கி, தாரும்ங்க" என்று முடித்தேன். ஒரு பையன் சிரித்தே விட்டான். ஆமென் மட்டும் எல்லாரும் ஒழுங்காகச் சொன்னார்கள்.

அதனால் அந்தத் தமிழுக்காகக் காத்திருக்காதீர்கள். என் ஆச்சி அடுப்படியில், "யேசுவே, இந்தப் பய இன்னும் வரலியே" என்று சத்தமாகவே முறையிடுவாள். நீங்களும் சோறு வடிக்கும்போது, யாரும் இல்லாத நேரத்தில், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் உங்கள் குரலே உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

குடும்ப ஜெபத்தில் ஒரே ஒரு காரியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாமியின் முழங்கால் வலி, பிள்ளையின் பரீட்சை, எதுவானாலும். இரண்டு வாக்கியம் போதும். தண்ணீரில் மூழ்கப்போன இயேசுவின் சீடன் பேதுரு சொன்னது, "ஆண்டவரே, என்னை இரட்சியும்." மூன்றே சொல். அன்று வார்த்தையே வரவில்லையா, வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதத்தை வாசித்து ஆமென் சொல்லுங்கள். வேதாகமத்தில் பிள்ளை கேட்டு ஜெபித்த அன்னாளுக்கு உதடு மட்டும்தான் அசைந்தது. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். ஆசாரியனுக்கே தப்பு நேர்ந்திருக்கிறது, மாமி என்ன நினைப்பார்களோ என்று நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்?

தலைவலி சாக்கை மட்டும் நிறுத்துங்கள். "மாமி, எனக்கு இது பழக்கமில்ல, நாளைக்கு நான் சின்னதா பண்றேன்" என்று பகலிலேயே சொல்லிவிடுங்கள். திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் பாதிப் பயம்.

அப்புறம், அந்தச் செபமாலை. அதைத் துணிக்கு அடியிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள்.

அன்புடன்,
அக்கா