வினைச்சொல் வரை மூச்சு: அலுவலகப் பேச்சுக்கு அரங்கப் பயிற்சிகள்

அலுவலகக் கூட்டங்களில் பேசுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நாடகப் பயிற்றுநர்களின் பதில்கள்.

மாதாந்திரக் கூட்டத்தில் விற்பனை நிலவரத்தை எடுத்துச் சொல்வது என் பொறுப்பு. நாடகப் பயிற்சி எடுத்தால் பேச்சு மெருகேறும் என்கிறார்கள். ஆனால், மேலதிகாரிகள் முன்னால் நின்று நடித்தால் போலியாகத் தெரியாதா?

போலியாகத் தெரிவது கெட்ட நடிப்பு. உற்சாகமாக இருப்பதுபோல் காட்ட வேண்டும், கவலைப்படுவதுபோல் காட்ட வேண்டும் என்று உணர்ச்சியைக் குறிவைப்பவர்தான் அதில் மாட்டிக்கொள்கிறார். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி (1863–1938) நடிகர்களுக்குக் காட்டிய வழி வேறு. நாடகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரி, ஒவ்வொரு துண்டிலும் பாத்திரம் எதிரில் இருப்பவரிடம் எதைச் சாதிக்கப் பார்க்கிறது என்று தீர்மானி, அதைச் செய். உணர்ச்சி அதன் பின்னால் தானாக வரும். உங்கள் வேலைக்கும் இது அப்படியே பொருந்தும், ஏனென்றால் கூட்டத்தில் உங்களுக்கும் எதிரில் இருப்பவர்களிடம் ஏதோ ஒன்று ஆக வேண்டியிருக்கிறது.

பேசப்போவதை ஒரு தாளில் எழுதி, விஷயம் திரும்பும் இடங்களில் கோடு போடுங்கள். 10 நிமிடப் பேச்சு என்றால் 5 முதல் 7 துண்டுகள் கிடைக்கும். 12 கிடைத்தால் பேச்சில் சரக்கு அதிகம். நடிப்பால் அதைச் சரிசெய்ய முடியாது, வெட்டத்தான் வேண்டும். பிறகு ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரே ஒரு வினைச்சொல் எழுதுங்கள். சரியான சொல்தானா என்று பார்க்கத் தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது: ‘நான் உங்களை’ என்று தொடங்கினால் அந்த வினை பொருந்த வேண்டும். உங்களை எச்சரிக்கிறேன், தேற்றுகிறேன், உசுப்புகிறேன், இணங்க வைக்கிறேன் எல்லாம் பொருந்தும். தெரிவிக்கிறேன், விளக்குகிறேன், சொல்கிறேன் பொருந்தாது. அவற்றுக்கு ‘உங்களுக்கு’ வேண்டும். ‘உங்களுக்கு’ என்று வரும் வினைகளோடு பேசினால் பத்து நிமிடமும் ஒரே தொனியில் போய்விடும். அலுவலகப் பேச்சுகள் தூக்கம் வரவழைப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

ஒரு வாக்கியத்தை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்: “மூன்றாம் காலாண்டில் விற்பனை 8 சதவீதம் குறைந்திருக்கிறது.” முதலில் எதிரில் இருப்பவரை எச்சரிக்கும் நோக்கத்தோடு சொல்லுங்கள். அடுத்து, பயந்துபோனவரைத் தேற்றும் நோக்கத்தோடு. சுருதியும் வேகமும் அழுத்தம் விழும் சொல்லும் நீங்கள் எதையும் திட்டமிடாமலேயே மாறும். எண் மாறவில்லை, பொய் எதுவும் சேரவில்லை.

இதில் வழக்கமாக வரும் தவறுகள் மூன்று. ‘என் உழைப்பைக் காட்ட வேண்டும்’ என்று நோக்கம் தன்னை நோக்கித் திரும்பிவிடுவது ஒன்று. அப்போது பார்வை கேட்பவரை விட்டு விலகும். ஒரே துண்டுக்கு இரண்டு வினை வைப்பது இன்னொன்று. மூன்றாவது, உண்மையில் நினைக்காத வினையை எழுதிக்கொள்வது. ஒரு திட்டத்தில் உங்களுக்கே நம்பிக்கை இல்லாமல் ‘உசுப்புகிறேன்’ என்று எழுதினால், நீங்கள் அஞ்சும் போலித்தனம் அங்கேதான் வரும்.

பத்து நிமிடம் பேசினாலே குரல் கம்மிவிடுகிறது. கடைசி வரிசையில் இருப்பவர்கள் ‘கேட்கவில்லை’ என்கிறார்கள். கத்திப் பேசினால் தொண்டை வலிக்கிறது.

சிக்கல் தொண்டையில் இல்லை, மூச்சில். பதற்றத்தில் மூச்சு மேல்மார்போடு நின்றுவிடுகிறது; தோளும் கழுத்தும் இறுகுகின்றன; குரல்வளைத் தசைகளும் இறுகுவதால் சுருதி ஏறுகிறது. அந்த நிலையில் சத்தத்தைக் கூட்டினால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று வேகமாக மோதும். வலி அதனால்தான்.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, வயிற்றின்மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். 4 எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுங்கள். புத்தகம் எழும்ப வேண்டும், தோள் அசையக் கூடாது. பிறகு ‘ஸ்ஸ்’ என்ற ஒலியோடு 12 எண்ணும்வரை சீராக விடுங்கள். 5 முறை போதும். சில நாட்களில் 16, அதன்பின் 20 என்று கூட்டலாம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். நிறைய காற்று அடைத்துக்கொண்டால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது மார்பை இறுக்கிவிடும். நமக்கு வேண்டியது காற்றைச் சீராக வெளியே விடும் கட்டுப்பாடு. இது கைவந்ததும் எழுந்து நின்று அதையே செய்யுங்கள். பிறகு ‘ஸ்ஸ்’ஸுக்குப் பதில் ஒரு முழு வாக்கியம்.

அந்த வாக்கியத்தில்தான் தமிழ் பேசுபவருக்கென்று ஒரு கண்டம் இருக்கிறது. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஆமா, இல்லையா என்பதும் கடைசியில்தான். “இந்த ஒப்பந்தத்தை இந்த ஆண்டு புதுப்பிக்க…” என்பதுவரை கணீரென்று சொல்லிவிட்டு, மூச்சு தீர்ந்து ‘வேண்டும்’ என்பதையோ ‘வேண்டியதில்லை’ என்பதையோ முழுங்கிவிட்டால், கடைசி வரிசைக்கு முடிவு போய்ச் சேரவே இல்லை. வாக்கிய முடிவில் குரல் விழுவது எந்த மொழியிலும் குறைதான்; தமிழில் அது பொருளையே கொண்டுபோய்விடுகிறது. ஆகவே வினைச்சொல்லுக்கென்று மூச்சை மிச்சம் வையுங்கள். பயிற்சிக்கு, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சொல்லும்போதும் சுவரில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளுங்கள். பத்துப் பதினைந்து வாக்கியத்துக்குப் பிறகு கையை எடுத்துவிட்டும் சொல்லிப் பாருங்கள், முடிவு விழாது.

கடைசி வரிசைக்குக் கேட்க, அங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடமே பேசுங்கள். கூரையையோ கூட்டத்தையோ பார்த்துப் பேசாதீர்கள். தூரம் மனதில் தெளிவாக இருந்தால் உடல் அதற்கு வேண்டிய மூச்சை எடுத்துக்கொள்ளும்.

பேசுவதற்கு முன் 5 நிமிடம் குரலைச் சூடேற்ற வேண்டும். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று ஒரு நிமிடம் முனகுங்கள், உதடு அதிர்வது தெரிய வேண்டும். உதடுகளைத் தளர்த்தி ‘ப்ர்ர்ர்’ என்று கீழ்ச் சுருதியிலிருந்து மேலே போய்த் திரும்ப இறங்குங்கள், 5 முறை. பிறகு ‘யார் தைச்ச சட்டை, தாத்தா தைச்ச சட்டை’ போன்ற நாப்பிறழ்ச் சொற்றொடரை மெதுவாகத் தொடங்கி வேகமாக்குங்கள். தெளிவு கெடும் வேகத்துக்கு ஒரு படி கீழேயே நிறுத்துங்கள்.

தொண்டையைக் கனைப்பதை விட்டுவிடுங்கள். அதுவும் குரல்நாண்களை மோத வைப்பதுதான். ஒரு வாய் தண்ணீரோ எச்சில் விழுங்குவதோ போதும். குடிக்கும் தண்ணீர் குரல்நாணை நேரடியாகத் தொடுவதில்லை, உணவுக்குழாயில் போகிறது. வாய் வறட்சிக்குத்தான் அது உடனே உதவும். குரலுக்கு வேண்டிய ஈரத்துக்குக் காலையிலிருந்தே குடித்துவர வேண்டும். இவ்வளவும் செய்தும் குரல் கம்மல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பேசும்போது கைகளை எங்கே வைப்பது? நின்ற இடத்திலேயே நிற்பதா, நடப்பதா?

கைகள் ஓய்வெடுக்கும் இடம் தொப்புள் உயரம். ஒன்றன்மேல் ஒன்றாகத் தளர்வாக இருக்கட்டும், பின்னிக்கொள்ள வேண்டாம். சைகை சொல்லுக்கு ஒரு கணம் முந்தியோ சேர்ந்தோ வர வேண்டும். ‘பெரிய’ என்று சொல்லி முடித்தபின் கை விரிந்தால் யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல் தெரியும்.

பலரும் கவனிக்காத ஒன்று: கேட்பவருக்கு நேரம் இடமிருந்து வலமாக ஓடுகிறது, வரைபடத்தில் வருவதுபோல. நீங்கள் அவர்களுக்கு எதிரே நிற்பதால் ‘சென்ற ஆண்டு’ உங்கள் வலக்கைப் பக்கமும் ‘அடுத்த ஆண்டு’ இடக்கைப் பக்கமும் வர வேண்டும். மாற்றிக் காட்டினால் வளர்ச்சி பின்னோக்கிப் போவதுபோல் இருக்கும்.

நடையைப் பொறுத்தவரை, நாடகத்தில் இயக்குநர் ஒவ்வொரு நகர்வையும் ஒத்திகையிலேயே தீர்மானித்துவிடுவார். நீங்களும் தரையில் மூன்று இடங்களை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது மட்டும் இடம் மாறுங்கள். முக்கியமான வாக்கியம் வருமுன் நடை முடிந்து, பாதங்கள் இடுப்பகலத்தில் ஊன்றியிருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஊசலாடுவது நடையில் சேராது. எடையை ஒரு காலில் போட்டு நிற்பவர்களுக்கு அது தானாக வந்துவிடும். திரைக்கு எந்தப் பக்கம் நிற்பது என்றால், கேட்பவர் பார்வையில் திரைக்கு இடப்பக்கம். கண் உங்களிடம் தொடங்கி எழுத்தின் போக்கிலேயே திரைக்குப் போகும்.

முக்கியமானதைச் சொல்லும்போது தலையை அசைக்காமல் வைத்துப் பாருங்கள். அந்த ஒரு மாற்றமே சொல்லுக்குக் கனம் சேர்க்கும். முகத்தையோ தலைமுடியையோ தொடுவது அதைக் குறைத்துவிடும்.

மனப்பாடம் செய்தால் ஒப்பிப்பதுபோல் இருக்கிறது. செய்யாவிட்டால் நடுவில் மறந்துபோகிறது. என்னதான் செய்வது?

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. முதல் 4 வாக்கியங்களையும் கடைசி 2 வாக்கியங்களையும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யுங்கள். பதற்றம் உச்சத்தில் இருப்பது தொடக்கத்தில்தான். இடையில் துண்டுகளின் வரிசையும் ஒவ்வொன்றின் முதல் வாக்கியமும் மட்டும் நினைவில் இருந்தால் போதும். நடுப்பகுதி ஒவ்வொரு ஒத்திகையிலும் கொஞ்சம் மாறட்டும், அதுதான் உயிரோடு வைத்திருக்கும்.

மனதுக்குள் படிப்பது ஒத்திகை ஆகாது. வாய் அசைய வேண்டும், எழுந்து நிற்க வேண்டும். ஐந்து நாள் இருந்தால் முதல் நாள் உட்கார்ந்து உரக்கப் படித்து, நாக்கு தடுக்கும் வாக்கியங்களைத் திருத்துங்கள். கண்ணுக்கு அழகான நீண்ட வாக்கியம் வாய்க்கு வராது. இரண்டாம் நாள் தாளோடு நின்று, மூன்றாம் நாள் தாள் இல்லாமல். நான்காம் நாள் நடிகர்கள் செய்யும் அதிவேக ஓட்டம்: பாவம் எதுவுமின்றி, முடிந்த அளவு வேகமாக முழுப் பேச்சையும் சொல்லுங்கள். நினைவில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். அந்த இடத்தை மட்டும் பத்து முறை சொல்லுங்கள். ஐந்தாம் நாள் உடை ஒத்திகை. அன்று போடப்போகும் செருப்போ ஷூவோ காலில் இருக்க வேண்டும், ரிமோட் கையில் இருக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை சட்டை மைக்கில் மோதும் என்பதெல்லாம் அன்றுதான் தெரியவரும். 10 நிமிடப் பேச்சை ஒத்திகையில் 9 நிமிடத்தில் முடியுங்கள்.

மறந்துவிட்டால் உதட்டை மூடி, மூக்கால் ஒரு மூச்சு எடுங்கள். ‘வந்து’, ‘அது என்னன்னா’ எல்லாம் வாய் திறந்திருக்கும்போதுதான் நுழைகின்றன. உங்களுக்கு ஒரு யுகமாகத் தோன்றும் அந்த இரண்டு நொடி, கேட்பவருக்கு நீங்கள் யோசித்துப் பேசுவதாகவே படும்.

என் பெயரைக் கூப்பிடுவதற்கு முன் கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது. இதற்கு ஏதாவது உண்டா?

பிரிட்டிஷ் அரங்குகளில் ‘அரைமணி’ என்று ஓர் அழைப்பு உண்டு. திரை எழுவதற்கு 35 நிமிடம் முன்பே அது வரும். அதற்குள் நடிகர் எல்லோரும் உள்ளே இருந்தாக வேண்டும். நீங்களும் 35 நிமிடம் முன்பே அறைக்குப் போய், நிற்கும் இடத்தில் நின்று, கடைசி நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தும் பாருங்கள். இடம் பழகிவிட்டால் பதற்றத்தில் ஒரு பங்கு குறையும்.

கை நடுங்கினால் அதை அடக்கப் பார்க்காதீர்கள். அட்ரினலின் தசைக்கு வேலை கேட்கிறது, கொடுங்கள். தனியாக ஓர் இடத்தில் 20 நொடி கைகால்களை உதறுங்கள், சுவரை இரு கைகளாலும் பலமாகத் தள்ளுங்கள். அதன்பின் 4 எண்ணி இழுத்து 8 எண்ணி விடும் மூச்சு, 6 முறை; வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பேசும்போது தனித்தாள் பிடிக்காமல் கெட்டி அட்டை பிடியுங்கள், மெல்லிய தாள் சிறு நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். எழுந்ததும் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி சொன்ன கவன வட்டம் உதவும்: முதலில் உங்கள் கையும் மேசையும் மட்டும், பிறகு முன்வரிசை, பிறகு முழு அறை. ஒரேயடியாக எல்லா முகங்களையும் பார்க்கப் போவதால்தான் மிரட்சி.

எங்கள் கூட்டங்கள் பெரும்பாலும் வீடியோவில். அங்கே இதெல்லாம் பயன்படுமா?

மூச்சும் வினைச்சொல்லும் அப்படியே பயன்படும், அரங்கம்தான் சுருங்குகிறது. கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும், வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும். முக்கிய வாக்கியத்தை லென்ஸைப் பார்த்துச் சொல்லுங்கள். மற்ற நேரம் முகங்களைப் பார்க்கலாம். சைகைகள் தோளுக்கும் நெஞ்சுக்கும் இடையே இருந்தால்தான் சட்டத்துக்குள் தெரியும். முடிந்தால் நின்று பேசுங்கள்.

நானும் சக ஊழியர் ஒருவரும் சேர்ந்து பேசுகிறோம். கைமாற்றும் இடத்தில் எப்போதும் தடுமாற்றம்.

நாடகத்தில் ஒரு நடிகரின் கடைசிச் சொல்தான் அடுத்தவருக்குக் குறிப்பு. அந்தச் சொற்களை இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொன்னவர் அதை மாற்றக் கூடாது. முழுப் பேச்சையும் திரும்பத் திரும்பச் சொல்ல நேரமில்லையென்றால், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் முந்திய ஒரு வாக்கியத்தையும் பிந்திய ஒரு வாக்கியத்தையும் மட்டும், நடையும் ரிமோட்டும் மைக்கும் கைமாறுவதோடு சேர்த்து, ஐந்து முறை ஓட்டிப் பாருங்கள். பேசி முடித்தவர் உடனே தன் தாளைப் பார்க்கப் போகாமல் பேசுபவரைப் பார்த்துக் கேட்க வேண்டும். அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் அறையும் பார்க்கும்.