உறுதி உண்டு, கடன் இல்லை: ஒரு கேள்வி பதில்

வங்கியின் கடன் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். கேளுங்கள்.

கோண்டாவில் ஆசிரியை: ஐயா, முதலாளித்துவம் தென்கொரியாவில் செழித்தது. வேறு பல நாடுகளில் ஏன் செழிக்கவில்லை?

சந்தை இல்லாத நாடு எது, ரீச்சர்? விடியற்காலை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் எங்களைவிடப் பெரிய முதலாளித்துவவாதிகள் இல்லை என்று தோன்றும். ஆனால் அது கைக்குக் கை வியாபாரம். முகம் தெரியாதவன் பத்து வருடத் தவணையில் பணம் தருவதற்கு, சொத்து யாருடையது என்பதில் சந்தேகமே இருக்கக்கூடாது. தென்கொரியா 1950இல் நில உச்சவரம்பை ஏறத்தாழ மூன்று ஹெக்டேயராக்கி, குத்தகைக்காரரைச் சொந்தக்காரர் ஆக்கியது. தொழிற்சாலைகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

இணுவில் வாசகர்: எங்களிடமும்தான் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது!

இருக்கிறது. ஒருவர் நாடா கட்டிய உறுதியோடு கடன் கேட்டு என் மேசைக்கு வந்தார். எட்டுப் பரப்புத் தோட்டக்காணி, நல்ல செம்மண். விரித்துப் பார்த்தால் ‘பிரிபடாத ஏழில் ஒரு பங்கும், கிணற்றில் பங்கும், வழி வாய்க்கால் பாத்தியதையும்’. மற்ற ஆறு பங்கில் இரண்டு ரொறன்ரோவில், ஒன்று பாரிஸில். ஒருவர் மரண சாதனம் (உயில்) எழுதாமலே இறந்துபோய்விட்டார். கோப்பைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கிழமையே தன் பங்கை ஒரு சொந்தக்காரரிடம் ஒற்றி வைத்தார், அதாவது பணம் வாங்கிக்கொண்டு காணியை அவர் அனுபவிக்க விட்டார். இன்றும் எனக்கு மனம் உறுத்துகிறது.

இலங்கையின் 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசும் (உறுதி எழுதும் சட்டத்தரணி) இரண்டு சாட்சிகளும் இருந்தால் உறுதி செல்லும். அதைப் பதிவதால் காணி உங்களுடையது என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் 1998இல் உரித்துப் பதிவுச் சட்டம் வந்தது. இதற்குமேல், ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் வடித்த தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்: விற்பதென்றால் பங்காளிக்கு முதல் உரிமை; மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம். கணவன் காணாமற்போன பெண் அதற்காக நீதிமன்றப் படி ஏறவேண்டும்.

சாவகச்சேரி மாணவர்: ரஷ்யாவில் சொத்தை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தார்களே?

1992இல் அரச நிறுவனங்களில் பங்கு வாங்க ஆளுக்குப் பத்தாயிரம் ரூபிள் வவுச்சர். விலைவாசி ஏற, பலர் அதை அற்ப விலைக்கு விற்றார்கள். காகிதம் இருந்தது, அதைக் காக்க நீதிமன்றம் இல்லை.

சுன்னாகம் விவசாயி: அப்படியென்றால் ஒழுங்கான உறுதி கிடைத்தால் போதுமா?

போதாது. பெரு நாட்டில் 1990களின் நடுவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நகர்ப்புற வீடுகளுக்கு உரித்துப் பத்திரம் கொடுத்தார்கள். தனியார் வங்கிகள் அதை நம்பிப் பெரிதாகக் கடன் கொடுக்கவில்லை. எங்கள் கதையையே பாருங்கள். 1970களின் முற்பாதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி தடைப்பட்டபோது வலிகாமத்தில் கல்வீடுகள் எழும்பின. யாருடைய உறுதியும் மாறவில்லை, விலைதான் மாறியது. 1977இல் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார்கள், அந்த விலை போயிற்று. இதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

கரவெட்டியிலிருந்து ஒரு தங்கை: எங்கள் காணியிலும் ஐந்து பங்கு, அண்ணா. என்ன செய்யலாம்?

அம்மா இருக்கும்போதே நில அளவையாளரைக் கூப்பிட்டு அளந்து, பிரித்து எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் அற்றோணித் தத்துவம், அவர்களுக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், வாங்குங்கள். கிணற்றுப் பங்கை மறக்கவேண்டாம். சண்டை அதில்தான் தொடங்கும்.