டெலவேரைக் கடந்த இரவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, 1776 கிறிஸ்துமஸ் இரவில் அமெரிக்கப் படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் நதியைக் கடந்து, எதிரிப்படை தங்கியிருந்த ட்ரென்டன் ஊரைத் தாக்கியதைப் பெரிய வீரம் என்கிறார்கள். பண்டிகைக் குடியில் மயங்கிக் கிடந்தவர்களை அடித்ததில் என்ன போர்த்திறன்? படகில் அவர் நிமிர்ந்து நிற்கும் அந்த ஓவியமும் மிகையாகவே படுகிறது.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

ஓவியம் மிகைதான். லாய்ட்ஸ என்ற ஓவியர் அதை 1851ல் ஜெர்மனியில் உட்கார்ந்து வரைந்தார். அதில் உள்ள அமெரிக்கக் கொடி 1777 ஜூனில்தான் ஏற்கப்பட்டது.

குடிக் கதைக்கு ஆதாரம் கிடையாது. ட்ரென்டனில் இருந்த ஹெஸ்ஸியர்கள், பிரிட்டன் வாடகைக்கு எடுத்த ஜெர்மன் படையினர், சுமார் 1,500 பேர். உள்ளூர் விவசாயிகளின் ஆயுதக் குழுக்கள் பல நாட்களாகத் தொல்லை கொடுத்ததில் அவர்களுக்குச் சரியான தூக்கமே இல்லை. தாக்குதல் வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் தளபதி ராலுக்கு வந்திருந்தது. 25ஆம் தேதி மாலை ஒரு சிறு கும்பல் வந்து காவல்சாவடியைச் சுட்டுவிட்டு ஓடியது. சொன்ன தாக்குதல் இதுதான் என்று அவர் நினைத்துவிட்டார். இரவு புயல் வலுத்ததால் விடியற்காலை ரோந்தையும் நிறுத்திவிட்டார்கள். அரண் கட்டச் சொன்ன அதிகாரிகளின் பேச்சையும் ரால் முன்பே தட்டிக்கழித்திருந்தார். என் கணக்கில் அவரைக் கவிழ்த்தது போதையல்ல, அலட்சியம்.

தூங்குகிறவர்களை அடிக்கத்தான் வாஷிங்டனும் திட்டமிட்டார். அது நடக்கவில்லை. நள்ளிரவுக்குள் முடிய வேண்டிய நதிகடப்பு அதிகாலை மூன்று மணிவரை இழுத்தது. பனிக்கட்டிகள் மிதந்து வரும் ஆற்றில், இரும்புத்தாது ஏற்றும் டர்ஹாம் படகுகளில் 2,400 பேரைக் கொண்டு சேர்த்தவர்கள் மார்பிள்ஹெட் ஊர்க் கடலோடிகள். பீரங்கிகள் மட்டும் 18. வேறு இரு இடங்களில் கடக்க வேண்டிய படைகள் வந்து சேரவே இல்லை. வாஷிங்டனின் படைக்குக் கரையேறிய இடத்திலிருந்து ட்ரென்டனுக்கு ஒன்பது மைல் நடை. வழியில் இருவர் குளிரில் விறைத்தே செத்தார்கள்.

ட்ரென்டனை எட்டும்போது மணி எட்டு, நன்றாக விடிந்துவிட்டது. பனிப்புயல் தாக்குகிறவர்களின் முதுகிலும் ஹெஸ்ஸியர்களின் முகத்திலும் அடித்தது. அது மட்டும்தான் அதிர்ஷ்டம். துப்பாக்கி மருந்து பலருக்கும் நனைந்து போயிருந்தது. 'துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்துங்கள்' என்று சொல்லியனுப்பினார் வாஷிங்டன். அவ்வளவு பாடுபட்டு இழுத்து வந்த பீரங்கிகளின் அருமை அப்போதுதான் தெரிந்தது. ஊரின் இரண்டு முக்கியத் தெருக்களும் தொடங்கும் மேட்டில் அவற்றை நிறுத்தினார்கள். அணிவகுக்கத் தெருவில் இறங்கிய ஹெஸ்ஸியர்கள் மீது குண்டுகள் நேராகப் பாய்ந்தன. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. சுமார் 900 பேர் சிறைப்பட்டார்கள். ரால் குண்டடிபட்டு இறந்தார். பின்னாளில் ஜனாதிபதியான ஜேம்ஸ் மன்றோ, அப்போது 18 வயது லெப்டினன்ட், எதிரியின் பீரங்கியைப் பிடிக்கப் பாய்ந்து தோளில் காயம்பட்டார்.

அன்று உண்மையில் குடித்தவர்கள் ஜெயித்தவர்கள். ஹெஸ்ஸியர்களின் ரம் பீப்பாய்கள் கையில் சிக்க, கொட்டச் சொல்லி வாஷிங்டன் உத்தரவு போடுவதற்குள் பலர் நன்றாகவே ஏற்றிக்கொண்டார்கள்.

இவ்வளவு அவசரம் ஏன்? அவருடைய வீரர்களில் பெரும்பாலோருக்கு டிசம்பர் 31உடன் ஒப்பந்தம் முடிகிறது. நியூயார்க்கை இழந்து நியூஜெர்சி முழுக்க ஓடிவந்த படை அது. ஜனவரியில் அவருக்குப் படையே இருந்திருக்காது. வெற்றிக்குப் பிறகும் ஆறு வாரம் கூடுதலாக இருக்கத் தலைக்குப் பத்து டாலர் தருவதாகச் சொல்லித்தான் ஆட்களை நிறுத்த முடிந்தது. அப்படி நின்றவர்களை வைத்துத்தான் ஜனவரி 3 அன்று பிரின்ஸ்டனில் பிரிட்டிஷ் படையையே தோற்கடித்தார்.