மகன் ஏர் சாண்டர் பிடிக்கலாமா? கரூர்த் தாய் ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ முடித்த தம்பி விடுமுறையில் மூன்று வாரம் ஒரு பஸ் பாடி கட்டும் பட்டறைக்குப் போயிருக்கிறான். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம் வரை வெள்ளைத் தூள். ராத்திரி இருமல். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் பட்டி மாவு, தகட்டின் பள்ளம் நிரவப் பூசுவார்களே, அது. அவனோ பாடி பெயின்டிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அவன் அப்பா, "உப்புத்தாள் பிடிக்கவா உன்னைப் பன்னிரண்டு வரை படிக்க வைத்தேன்" என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்ட நீங்கள், "அந்தக் காற்று மிஷின் பையன் நெஞ்சைக் கெடுத்துவிடுமா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாஸ்க் இல்லாமல், தூளை உறிஞ்சும் வசதி இல்லாமல் வருடக்கணக்கில் தேய்த்தால் கெடுக்கும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இந்த இரண்டும் ஒழுங்காக இருக்கும் பட்டறைகளில் இருபது, முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு நன்றாக மூச்சுவிடும் பெயின்டர்களையும் எனக்குத் தெரியும். அதனால், தொழில் நல்லதா கெட்டதா என்ற பஞ்சாயத்தை அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளட்டும். நீங்கள் அந்தப் பட்டறைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லித் தருகிறேன். ஆலோசகர் நாற்காலிக்கு வருமுன் ஏழெட்டு வருடம் நானும் பட்டித் தூளில் குளித்தவன்தான்.

முதலில் அந்த மிஷின். ஏர் சாண்டர், உப்புத்தாள் ஒட்டித் தேய்க்க உதவும், உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கருவி. கம்ப்ரசரிலிருந்து ஓஸ் வழியாக வரும் காற்று உள்ளே இருக்கும் சின்ன உருளையைச் சுழற்றுகிறது. அது கீழே இருக்கும் வட்டத் தட்டைச் சுழற்றுகிறது. நிமிடத்துக்குப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் சுற்று. தட்டு சுற்றிக்கொண்டே கொஞ்சம் ஆடவும் செய்யும், பொதுவாக 5 மில்லிமீட்டர் அளவுக்கு. ஒரே இடத்தில் வட்டக்கோடு விழாமல் இருப்பது அந்த ஆட்டத்தால்தான். டபுள் ஆக்‌ஷன் என்பதைச் சுருக்கி, பட்டறையில் 'டி.ஏ.' என்பார்கள். மின்சார சாண்டரைவிட எடை குறைவு, சூடாகாது, தண்ணீர் தெளித்துத் தேய்த்தாலும் ஷாக் அடிக்காது. முழுநீள பஸ் ஒன்றின் பக்கவாட்டைத் தேய்ப்பவனுக்கு இதெல்லாம் பெரிய வரம்.

பட்டறைக்குள் போனதும், ஓரமாகக் கிடக்கும் ஒரு சாண்டரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தட்டில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். மாடலைப் பொறுத்து ஆறு, எட்டு, பதினைந்து என்று. தேய்க்கும்போது கிளம்பும் தூளை அந்த ஓட்டை வழியாகவே உறிஞ்சி, பின்னால் இருக்கும் பைக்கோ வேக்குவம் மிஷினுக்கோ அனுப்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அப்புறம் அதில் ஒட்டியிருக்கும் உப்புத்தாளைப் பாருங்கள். தாளிலும் அதே இடங்களில் ஓட்டை இருக்கிறதா? பல இடங்களில் இருக்காது. ஓட்டை போடாத தாள் விலை குறைவு. அதை ஒட்டிவிட்டால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய வேக்குவமாக இருந்தாலும் சும்மா சத்தம்தான் போடும். தூள் முழுக்கப் பையன் முகத்துக்கு. முதலாளி எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அந்தத் தாள் பேசுவதை நம்புங்கள்.

பிறகு மாஸ்க். "மாஸ்க் எல்லாம் கொடுக்கிறோம்மா" என்று சொல்வார்கள். எடுத்து வரச் சொல்லிக் கையில் வாங்கிப் பாருங்கள். காதில் மாட்டும் பச்சைத் துணியோ, கழுத்துத் துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வதோ பட்டித் தூளுக்கு ஆகாது. கண்ணுக்குத் தெரியும் தூளை மூக்கு முடியே பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலின் அடி வரை போகிறது. அதற்குக் குறைந்தது என்-95 வேண்டும். தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற மாதிரி இருந்தால் நல்லது, மூக்கின் மேல் கம்பியை அழுத்திவிட வேண்டும். போட்டுக்கொண்டு பலமாக ஊதினால் ஓரத்தில் காற்று கசியக் கூடாது. கசிந்தால் அந்த இடுக்கு வழியாகத்தான் தூளும் உள்ளே வரும்.

தம்பி மாஸ்க் போட்டும் இருமினான் என்று எழுதியிருந்தீர்கள். என்ன மாஸ்க் என்று எழுதவில்லை. ஓரம் கசிந்ததா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வியர்க்கிறது என்று கழுத்துக்கு இறக்கிவிட்டானா என்று கேளுங்கள். திட்டாமல் கேட்டால் உண்மையைச் சொல்வான். இருமல் இரண்டு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படியும் இந்தத் தொழிலில் சேருமுன், குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை ஒன்றையும் காது கேட்கும் திறன் பரிசோதனை ஒன்றையும் செய்து அந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம். மிஷினைவிட இதில்தான் பையன்கள் அடிபடுகிறார்கள். வேலை முடிந்ததும் சாண்டரைக் கழற்றிவிட்டு அதே ஓஸில் ஏர் கன்னை மாட்டி, சட்டையிலும் தலையிலும் இருக்கும் தூளை 'புஸ்ஸ்' என்று ஊதிவிடுவார்கள். எல்லாப் பட்டறையிலும் நடக்கும். நானும் பத்தொன்பது வயதில் அதைத்தான் செய்தேன். மேஸ்திரி ஊதிவிட்டார், கண்ணாடியை அப்போதுதான் கழற்றியிருந்தேன். இடது கண்ணில் ஒரு துளி பட்டி ஏறிவிட்டது. மிளகாய் பட்ட மாதிரி எரிச்சல். மறுநாள் கண் மருத்துவமனையில் ஊசி முனையால் அதை எடுத்தார்கள். மூன்று நாள் கட்டோடு இருந்தேன். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கண் மட்டும் இல்லை. சாண்டருக்கு வரும் காற்றின் அழுத்தம் சுமார் 90 பி.எஸ்.ஐ. கார் டயரில் அடிப்பது 30, 35. துடைக்கக் காற்று பயன்படுத்தினால் முனை அடைபட்டாலும் 30 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும், எதிரில் தடுப்பும் வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி. அதுகூட மேசையையும் இயந்திரத்தையும் துடைப்பதற்குத்தான், உடம்பில் ஊதுவதற்கு இல்லை. தோலில் சின்னக் கீறல் இருந்தால்கூட இந்தக் காற்று உள்ளே புகுந்துவிடும். வாலிபப் பையன்கள் விளையாட்டாக ஒருவன் பின்பக்கம் ஓஸை வைத்து, குடல் கிழிந்து, உயிரே போன செய்திகள் நம் நாட்டுப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. வெளியே ஒரு காயம்கூடத் தெரியாது. தம்பியிடம் இதை நீங்கள் சொல்லக் கூச்சப்பட்டால் அவன் அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் சொல்லியே ஆக வேண்டும். உடம்புத் தூளுக்கு வேக்குவமோ ஈரத்துணியோ போதும்.

ஓஸ் விஷயத்துக்கு வருகிறேன். காற்று ஏறியிருக்கும்போதே கப்ளரை, அதாவது ஓஸை மிஷினோடு இணைக்கும் பூட்டை, உருவினால் ஓஸ் பாம்பு மாதிரி துள்ளி முகத்தில் அடிக்கும். வால்வை மூடி, சாண்டரின் விசையை ஒருமுறை அழுத்தி மிச்சக் காற்றை வெளியேற்றி, அப்புறம் கழற்ற வேண்டும். தாள் மாற்றும்போதும் இதே முறைதான். ஓட்டத்தில் இருக்கும் மிஷினைக் கீழே வைக்கக் கூடாது. டி.ஏ. சாண்டரைத் தகட்டின் மேல் வைத்த பிறகே விசையை அழுத்த வேண்டும். காற்றில் ஓடவிட்டுக் கொண்டுவந்தால் பட்டியில் பள்ளம் விழும், கையும் உதறும். கழுத்தில் துண்டு, தொளதொளச் சட்டை, மணிக்கட்டில் கோயில் கயிறு, இதெல்லாம் சுற்றுகிற எதற்கும் பக்கத்தில் போகக் கூடாது. கயிற்றைக் கழற்ற உங்களுக்கு மனசு வராது என்று தெரியும். கழுத்தில் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்ளட்டும்.

கம்ப்ரசரை வெளியே நிழலில், பெல்ட்டுக்கு மூடி போட்டு வைத்திருக்கிறார்களா, அடியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுகிறார்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கும்மா" என்றால், தொட்டி உள்ளுக்குள் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குக்கரில் வால்வை அடைத்துவிட்டு அடுப்பில் வைத்த கதை.

சத்தத்தைப் பற்றி ஒரு வரி: எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலைத் தாண்டினால் காதுக்கு அடைப்பான் வேண்டும். நாலைந்து சாண்டர் சேர்ந்து ஓடும் கொட்டகையில் அது சுலபமாகத் தாண்டும். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கை அதிர்வு மெதுவாக வேலை காட்டும் விஷயம். வருடக்கணக்கில் அதிரும் கருவியைப் பிடிப்பவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போகும், குளிரில் வெளுத்துப்போகும். ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே உண்டு: எட்டு மணி நேரச் சராசரி அதிர்வு 2.5 மீட்டர்/வினாடி² ஆனால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. நம் பட்டறைகளில் யாரும் அளப்பதில்லை. ஆனால் செய்யக்கூடியது இருக்கிறது. தேய்ந்த தட்டை மாற்றுவது, காலையில் காற்று நுழையும் வாயில் இரண்டு மூன்று சொட்டு ஏர் டூல் ஆயில் விடுவது, மிஷினை அழுத்தாமல் அதன் எடையிலேயே ஓடவிடுவது, நடுநடுவே வேறு வேலைக்கு மாறுவது. புதுப் பையன்கள் எல்லோரும் அழுத்துவார்கள். சீக்கிரம் முடியும் என்று நினைப்பு. தாள்தான் சீக்கிரம் தேயும். சாப்பிட உட்காரும்போது தம்பியின் விரல் நுனியைத் தொட்டு, மதமதப்பு இருக்கிறதா என்று எப்போதாவது கேளுங்கள்.

பழைய வண்டிக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் பட்டறை என்றால் இன்னொன்று சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய மஞ்சள், சிவப்புப் பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்று 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் விதி இருக்கிறது; வண்டிக்கு அடிக்கும் பெயின்ட் அந்த விதிக்குள் வராது. ஈயத் தூள் சட்டையோடு வீட்டுக்கு வரும். உங்கள் வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்: பட்டறைச் சட்டை பட்டறையிலேயே மாற்றட்டும், தனியாகத் துவையுங்கள், டீ குடிக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். குழந்தைகளுக்குக் கொஞ்சம் ஈயமே அதிகம்.

பஸ்ஸில் அலுமினியத் தகடும் உண்டு. அலுமினியத் தூளை மூலையில் குவித்து வைத்தாலோ, இரும்பு தேய்த்துத் தீப்பொறி பறக்கும் அதே உறிஞ்சியில் விட்டாலோ ஆபத்து. சீனாவின் குன்ஷானில் 2014 ஆகஸ்ட் 2 அன்று, அலுமினியச் சக்கரம் மெருகேற்றும் ஆலையில் தேங்கிய தூள் வெடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தூள் தேங்காத தரை முக்கியம். ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், சமையலறையில் செய்வீர்களே, அதே மாதிரி.

சரி, படிப்பு. நேராகப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்வதைவிட ஐடிஐ வழி நல்லது. மெக்கானிக் ஆட்டோ பாடி பெயின்டிங் ஓராண்டுப் படிப்பு. எல்லா ஐடிஐயிலும் கிடைக்காது. பக்கத்தில் இல்லையென்றால் இரண்டாண்டு பெயின்டர் ஜெனரல் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு ஐடிஐயில் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். அங்கே மேலே சொன்ன பழக்கமெல்லாம் முதல் மாதத்திலேயே கையில் ஏறும்; பட்டறையில் அதைச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது.

அவன் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். உலகத் திறன் போட்டியில் கார் பெயின்டிங் தனிப் பிரிவு. 2024-ல் பிரான்சின் லியோன் நகரில் நடந்தபோதும் இருந்தது. உப்புத்தாளில் ஆரம்பிப்பவன் பட்டி, பிரைமர், கலர் மேட்சிங், ஸ்ப்ரே என்று ஏறுவான். கலர் மேட்சிங் தெரிந்த கைக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. ஸ்ப்ரே கட்டத்துக்கு வரும்போது மட்டும் என்-95 போதாது. பூச்சை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த பெயின்ட்டில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். காற்றை வெளியிலிருந்து தரும் மாஸ்க் வேண்டும். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

பட்டறையை விட்டுக் கிளம்பும்போது, "இ.எஸ்.ஐ. பிடிக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இல்லை என்றால் வேறு பட்டறை பார்க்கலாம்.

கடைசியாக, தம்பிக்கு இப்போதுதான் தாடி அரும்புகிறது, எடுக்கமாட்டேன் என்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். தாடிக்கு மேல் என்-95 ஒட்டாது அம்மா. மாஸ்க் ஓரம் படுகிற இடமாவது மழமழவென்று இருக்க வேண்டும். மீசையை வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.