லிங்க்ட்இன்ல என்ன எழுதறது?

கேள்வி: திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில க்வாலிட்டி செக்கரா இருக்கேன். லிங்க்ட்இன்ல பேர் எடுத்தா நல்ல வேலை கிடைக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, ஆனா என்ன போடறதுன்னே தெரியல. இங்கிலீஷும் சுமார்தான்.
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, முதல்ல அந்த குட் மார்னிங் படம், தன்னம்பிக்கை வாசகம் எல்லாத்தையும் விட்டுடுங்க, அதைப் பாத்து யாரும் வேலைக்குக் கூப்பிடறதில்ல. உங்க கைல இருக்கற வேலைய எழுதுங்க. ரவுண்ட் கட்டர்ல துணிய வெட்டி எடை போட்டு, அது 1.8 கிராம் வந்தா நூறால பெருக்கி 180 ஜிஎஸ்எம்னு (ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கற கணக்கு) சொல்றீங்கல்ல, கட்டர் வெட்டற துண்டு 100 சதுர சென்டிமீட்டர், அதாவது சதுர மீட்டர்ல நூத்துல ஒரு பங்குங்கறதாலதான் அந்தக் கணக்குன்னு நாலு வரில எழுதிப் போடுங்க, இது புதுசா வர்ற பசங்களுக்கு அவ்ளோ உதவும், ஆர்டர் வேலையப் பாத்துக்கற மெர்ச்சண்டைசருங்க கண்ணுலயும் படும். துவைச்சப்புறம் துணி எவ்வளவு சுருங்குதுன்னு பாக்கறது இன்னொரு நல்ல விஷயம். தமிழ்லயே எழுதலாம், தப்பில்ல, ஆனா பேருக்குக் கீழ வர்ற ஹெட்லைன மட்டும் இங்கிலீஷ்ல வைங்க, ஏன்னா ஹெச்.ஆர். ஆளுங்க பெரும்பாலும் அந்த வார்த்தைகளப் போட்டுத்தான் தேடறாங்க. அங்க "வேலை தேடுகிறேன்"னு மட்டும் போட்டு இடத்த வீணாக்காதீங்க, நிட் கார்மெண்ட் க்வாலிட்டி, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன், ஏக்யூஎல்னு (சரக்குல எவ்வளவு குறை வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கற அளவு) தெரிஞ்சதப் போடுங்க.

ஒண்ணு முக்கியம், பையர் லேபிள், இன்னும் கடைக்கு வராத டிசைன் எதையும் ஃபோட்டோ எடுத்துப் போட்றாதீங்க, இருக்கற வேலையே போயிடும். அப்புறம் வேலை வாங்கித் தர்றேன்னு இன்பாக்ஸ்ல வந்து பணம் கேட்டா உடனே பிளாக் பண்ணிடுங்க.