ஸ்டீயரிங் ஆடுகிறது, பாகம் எங்கே கிடைக்கும்?

எங்கள் தோட்டத்தில் தாத்தா காலத்து மகிந்திரா சி.ஜே.3பி ஜீப் இருக்கிறது. பின்பக்கத்தைப் பிக்கப் தொட்டியாகக் கட்டியிருக்கிறோம். ஸ்டீயரிங்கைக் கால் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது. பட்டறையில் ஸ்டீயரிங் பெட்டியையே மாற்றச் சொல்கிறார்கள். பெட்டி எங்கே கிடைக்கும், ஐயா?
பொள்ளாச்சி வாசகர்

கடைக்குப் போவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுங்கள். எஞ்சினை அணைத்து, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக ஆட்டட்டும். நீங்கள் கீழே ஒவ்வொரு மூட்டின் மீதும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பெட்டியிலிருந்து வரும் பிட்மன் கை, அதன் அசைவை முன்னே கொண்டுபோகும் டிராக் லிங்க் தண்டு, வண்டிச் சட்டத்தின் (சேஸிஸ்) முன்பக்கம் நடுவில் இருந்து அந்த அசைவைத் திருப்பிவிடும் பெல் கிராங்க், அங்கிருந்து இரு சக்கரங்களுக்கும் போகும் டை ராடுகள் என்று வரிசையாக வாருங்கள். ஒரு துண்டு அசைந்து அடுத்த துண்டு சும்மா இருந்தால் அந்த மூட்டில்தான் தேய்மானம்.

என் அனுபவத்தில் இந்த ஜீப்புகளில் முதல் குற்றவாளி பெல் கிராங்க். அது சுழலும் தண்டும் பேரிங்கும் தேய்ந்தால் பெட்டி புத்தம் புதிதாக இருந்தாலும் வண்டி ரோட்டில் அலையும். அடுத்தது டிராக் லிங்க். அதன் முனைகளுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் பந்துபோன்ற குண்டைப் பிடிக்கும் இரண்டு கிண்ணங்களும் இருக்கும். அவற்றை மட்டும் மாற்றினால் போதும். பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு மிகச் சிறியது.

பெட்டியிலும் ஆட்டம் இருந்தால் அவசரப்பட்டு ஆட்டத்தைச் சரிசெய்யும் திருகை முறுக்காதீர்கள். இது ராஸ் வகைப் பெட்டி. வளைந்த பள்ளம் வெட்டிய ஓர் உருளையும், அந்தப் பள்ளத்தில் ஓடும் முளைகள் கொண்ட ஒரு தண்டும் உள்ளே இருக்கும். சக்கரம் நேராக நிற்கும் இடத்தில்தான் முளைகள் மிக நெருக்கமாகப் பொருந்தும். ஆகவே டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கை நடுவில் வைத்துத்தான் ஆட்டத்தைக் குறைக்க வேண்டும். ஓரத்தில் வைத்து முறுக்கினால் நடுவில் வரும்போது இறுகிக்கொள்ளும். முளைகள் ஒருபக்கமாகத் தட்டையாகியிருந்தால் திருகு உதவாது. தண்டையும், தேவைப்பட்டால் உருளையையும் மாற்ற வேண்டியதுதான்.

பாகம் கிடைப்பதில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மகிந்திரா 1940களின் இறுதியிலிருந்து வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்றது. பிறகு சி.ஜே.3பியை உரிமம் பெற்றுத் தயாரித்தது. அதனால் இதன் பாகங்களைச் செய்யும் சிறு தொழிற்சாலைகள் இன்றும் இருக்கின்றன. கோவையின் பழைய ஜீப் கடைகள், சென்னைப் புதுப்பேட்டை, டெல்லி காஷ்மீரி கேட் என்ற வரிசையில் தேடுங்கள். அமெரிக்காவிலிருந்து வரவழைப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். பெட்டி, பிட்மன் கை, டிராக் லிங்க் ஆகியவற்றைப் படத்தைப் பார்த்து வாங்கிவிட்டு மாட்ட முடியாமல் தவித்தவர்களை நான் அறிவேன்.

டை ராட் முனை கிடைக்கவில்லை. வேறு வண்டியின் முனை பார்வைக்கு அப்படியே இருக்கிறது, மரையும் ஏறுகிறது. போட்டுவிடலாமா?
தஞ்சாவூர் வாசகர்

மரை ஏறுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உயிரைக் காப்பது அந்த முனையின் கூம்பு. சக்கரத்தின் ஸ்டீயரிங் கைக்குள் நுழைந்து உட்காரும் அந்த டேப்பரில் பொதுவாக இரண்டு வகைகளைப் பார்க்கலாம். 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீட்டர் குறைவது ஒன்று. 10 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் குறைவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாற்றிப் போட்டால் கூம்பு முழுவதும் பிடிக்காமல் ஒரு விளிம்பு மட்டுமே பிடிக்கும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சில நூறு கிலோமீட்டரில் துளை அகன்று, ஒருநாள் முனையின் கழுத்து முறியும்.

வெர்னியர் அளவுகோலால் கூம்பின் அகன்ற முனை, குறுகிய முனை, நீளம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். பிறகு புதிய முனையின் கூம்பில் நீல மை தடவி, ஸ்டீயரிங் கையின் துளையில் செருகி, லேசாகத் திருகி எடுங்கள். மை சுற்றிலும் மேலிருந்து கீழ்வரை சீராக அழிந்திருக்க வேண்டும். வளையம்போல ஓரிடத்தில் மட்டும் அழிந்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் பட்டறைக்கே அழகான அட்டைப்பெட்டியில் வந்த புதிய முனை ஒன்று இந்தச் சோதனையில் தோற்றது. அதை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

வாங்கும்போது வலமரையா இடமரையா என்பதையும் சொல்லிக் கேளுங்கள். டை ராடைச் சுழற்றி நீளத்தைச் சரிசெய்வதற்காக ஒரு முனையில் வலமரையும் மறுமுனையில் இடமரையும் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் அப்பாவின் மொரிஸ் மைனர் பிக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங் ஒருபக்கம் கனமாகிவிட்டது. ராக்கை மாற்ற வேண்டுமா?
யாழ்ப்பாண வாசகர்

ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பற்சட்டமான ராக்கைப் பிறகு பார்ப்போம். முன்சக்கரங்களின் சுழல் தண்டுகளை இன்றே பாருங்கள். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர் வகை வண்டிகளில் சக்கரத்தைத் தாங்கும் தண்டு மேலும் கீழும் மரை வெட்டிய கூடுகளான டிரனியன்களுக்குள் திருகி நிற்கிறது. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையே சுழல்கிறது. கிரீஸ் போகாவிட்டால் கீழ் டிரனியனின் மரை தேய்ந்து வழுக்கிவிடும். அப்போது சக்கரம் வெளிப்பக்கம் சாய்ந்து, வண்டியின் மூக்கு தரையில் மோதும். பெரும்பாலும் வீட்டு வாசலில் மெதுவாகத் திருப்பும்போதே இது நடக்கிறது. வேகத்தில் நடந்தால் அப்பாவை யார் காப்பாற்றுவது?

வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையில், புதுக் கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். அப்போதே சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது சக்கரப் பேரிங்கின் கோளாறு. நிற்காவிட்டால் டிரனியன்தான். தண்டு, டிரனியன் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு வலமரை, மறுபக்கத்துக்கு இடமரை என்பதால் பக்கத்தைக் குறிப்பிட வேண்டும். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கிடைக்காவிட்டால் இங்கிலாந்தில் இந்த வண்டிக்கென்றே புதிய பாகங்கள் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் நேராகப் பொருந்தும்.

டிரனியன்கள் சரியாக இருந்தும் கனம் குறையவில்லை என்றால் ராக்கின் ரப்பர் உறைகள் கிழிந்து மணல் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். ராக்குக்குக் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். யாராவது கிரீஸ் அடைத்து வைத்திருந்தால் அதுவே கனத்துக்குக் காரணமாகலாம்.

புதுப்பேட்டையில் பழைய பிட்மன் கை கிடைத்தது. லேசாக விரிசல் இருப்பதால் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள்.
சென்னை வாசகர்

வேண்டவே வேண்டாம். அது காய்ச்சி அடித்து உருவாக்கி, சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங்கின் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். பிறகு ஒட்டுக்குப் பக்கத்திலேயே முறியும்.

விரிசல் தெரியாத பழைய கையானாலும் சோதித்த பிறகே மாட்டுங்கள். நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்துக் காயவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளிருந்து கசியும் மண்ணெண்ணெய் பொடியில் ஒரு கோடாகத் தெரியும். கிராங்க் ஷாஃப்ட் கடையும் பெரிய பட்டறைகளில் காந்தச் சோதனை செய்வார்கள். அது இதைவிட நம்பகமானது. பெட்டியின் கூடு, கைகள் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். குண்டு மூட்டுகளை (பால் ஜாயின்ட்) மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள்.

லேண்ட் ரோவர் சீரிஸ் 2 பிக்கப்பில் ஸ்டீயரிங் ரிலே இறுகிவிட்டது. நானே பிரிக்கலாமா?
கோத்தகிரி வாசகர்

ரிலே என்பது பெட்டியின் அசைவைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் சுழல் தண்டு. அதைச் சட்டத்திலிருந்து கழற்றுவது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. பல ஆண்டுத் துருவில் அது குறுக்குச் சட்டத்தோடு ஒட்டிப்போயிருக்கும். ஆனால் பிரிப்பதை அனுபவசாலியிடம் விடுங்கள். உள்ளே அழுத்தி வைத்த வலுவான ஸ்பிரிங் இருக்கிறது. மூடியை எடுத்ததும் அது பாய்ந்து வந்து முகத்தைப் பதம் பார்த்துவிடும். பல வேளைகளில் ரிலேயில் எண்ணெய் வற்றியதுதான் கோளாறாக இருக்கும். முதலில் ஊற்றிப் பாருங்கள். அந்த வண்டியின் ஆறு குண்டு மூட்டுகளையும் அப்போதே சோதித்துவிடுங்கள்.

பவர் ஸ்டீயரிங் வைத்தால் இந்தத் தொல்லையெல்லாம் தீருமே?
மதுரை வாசகர்

அதற்கு வண்டிச் சட்டத்தை வெட்டித் தாங்கிகளை ஒட்ட வேண்டியிருக்கும். சொந்த உபயோகத்தில் உள்ள 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, சேஸிஸையும் எஞ்சினையும் மாற்றாமல் வைத்திருக்கச் சொல்கிறது. அந்தப் பதிவு வேண்டுமென்றால் வண்டிச் சட்டத்தில் கைவைக்காதீர்கள். கை வலிக்கிறது என்பதுதான் குறையென்றால் டயர் காற்றைச் சரிபார்த்து, முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங் பின்களுக்குக் கிரீஸ் அடித்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டு எழுதுங்கள்.