32 வயதிலேயே கண்ணோரம் கோடு, கன்னத்தில் திட்டு. செல்களுக்கு வயதாகிவிட்டதா? மாத்திரை ஏதாவது சாப்பிடலாமா?

மாத்திரை வேண்டாங்க. செல்களுக்கு வயதாவது உண்மைதான். ஆனால் தோலில் கண்ணுக்குத் தெரிகிற முதுமையில் வெயிலின் கைவரிசைதான் அதிகம். இதை நான் என் அப்பாவின் கைகளில் பார்த்தேன்.

அப்பா 30 வருடம் லாரி ஓட்டியவர். வலது முழங்கை எப்போதும் ஜன்னல் விளிம்பில் இருக்கும். இப்போது 68 வயது. குளித்துவிட்டுத் துண்டோடு திண்ணையில் உட்காரும்போது பார்த்தால், வலது முன்கைத் தோல் தடித்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழுந்து, மிளகு மிளகாகக் கரும்புள்ளிகள். இடது கை அவ்வளவு மோசமில்லை. கையைத் தூக்கினால் அக்குளை ஒட்டிய தோலில் ஒரு புள்ளி கிடையாது, மழமழவென்று இருக்கும். மூன்று இடத்துக்கும் வயது ஒன்றுதான்!

2012-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த படமும் இதையே காட்டியது. 28 வருடம் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். அங்கே ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவார், அதனால் முகத்தின் இடது பாதி மட்டும் தடித்துச் சுருங்கியிருந்தது. வெயிலில் யுவிஏ, யுவிபி என்று இரண்டு வகைப் புறஊதாக் கதிர்கள் உண்டு. ஜன்னல் கண்ணாடி யுவிபி கதிரைத் தடுக்கும், யுவிஏ கதிரை உள்ளே விட்டுவிடும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? தோலின் உள்ளடுக்கில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் நாரை உண்டாக்குகின்றன. இவை சுமார் 50 முறை பிரிந்தபின் நின்றுவிடும் என்று 1961-ல் ஹேஃப்லிக், மூர்ஹெட் என்ற விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் கண்டார்கள். நின்ற செல் உடனே சாவதில்லை. அங்கேயே இருந்துகொண்டு, இருக்கிற கொலாஜனையும் அரிக்கும் நொதிகளைக் கசியவிடுகிறது. யுவிஏ அந்த ஆழம் வரை இறங்கி, இதே கேட்டை முன்கூட்டியே செய்துவிடுகிறது.

நம் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம் என்பதால் சுருக்கம் தாமதமாகும், ஆனால் நிறத்திட்டு முந்திக்கொள்ளும். உங்கள் கன்னத்தில் இருப்பது மங்கு (மெலாஸ்மா) ஆகவும் இருக்கலாம், தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம், கருப்பாக இருப்பவர்களுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 900-க்கும் மேற்பட்டவர்களை நாலரை வருடம் கவனித்ததில், தினமும் பூசியவர்களின் தோலில் முதுமை கூடியதாகவே தெரியவில்லை. எஸ்பிஎஃப் என்பது முக்கியமாக யுவிபி-யைத் தடுக்கும் அளவு, அதனால் வாங்கும்போது எஸ்பிஎஃப் 30-ஓடு யுவிஏ பாதுகாப்பும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தம்பி இப்போது வேன் ஓட்டுகிறான். வெயிலுக்குப் போடும் கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். வலது கை உறை அதற்குள் வெளுத்துவிட்டது.